கல்ச்சர் ரிப்போர்ட் வருமுன்பே எந்த மருந்துக்குக் கேட்காது என்று கணிக்க முடியுமா?

யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகிறதே, அதற்குள் டாக்டர் எழுதும் ஆன்டிபயாடிக் எந்தக் கணக்கில் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அனுபவக் கணக்குதான். அந்தக் கணக்கை இன்னும் நன்றாகப் போட வழி இருக்கிறது.

நான் 12 வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். நீர்க்கடுப்போடு வருகிறவர்களின் சாம்பிளில் அதிகம் வளர்வது ஈ.கோலை என்ற பாக்டீரியா. அதை இன்னொரு தட்டில் பூசி, மருந்து வில்லைகளை வைத்து மறுநாள் பார்ப்போம். வில்லையைச் சுற்றி அகலமாகத் தெளிந்த வட்டம் இருந்தால் மருந்து கேட்கும். வில்லையின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தால் கேட்காது. அது வளரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இஸ்ரேலில் ராய் கிஷோனி என்ற விஞ்ஞானியின் குழு 2019-ல் வேறு பக்கமிருந்து வந்தது: பழைய பதிவுகளை வைத்தே கணிக்கப் பார்த்தது. மக்காபி என்ற சுகாதார அமைப்பின் 10 வருடப் பதிவுகள்: 7 லட்சத்துக்கும் அதிகமான சிறுநீர்த் தொற்றுகள், 50 லட்சத்துக்கும் அதிகமான ஆன்டிபயாடிக் கொள்முதல்கள். வயது, கர்ப்பம், முதியோர் இல்லத்தில் இருப்பது எல்லாமே கணிப்புக்கு உதவின. ஆனால் அந்த ஆளின் பழைய கல்ச்சரும், முன்பு வாங்கிய மருந்துகளும் அழுத்தமாகப் பேசின. பழைய கிருமியின் தடம் வருடக்கணக்கில் மறையவில்லை. 2022-ல் அதே குழு காரணத்தையும் காட்டியது. சிகிச்சைக்குப் பின் மருந்துக்குக் கேட்காத எதிர்ப்போடு திரும்பும் தொற்று பெரும்பாலும் கிருமி புதிதாக மாறியதால் வருவதில்லை. அவர் உடலிலேயே ஏற்கெனவே தங்கியிருந்த வேறொரு எதிர்ப்புக் கிருமியால் வருகிறது.

அமெரிக்காவின் பாஸ்டனில் 2020-ல் வந்த ஆய்வில், இப்படிப் பதிவுகளை வைத்துக் கணிக்கும் கணினியின் பரிந்துரைப்படி கொடுத்திருந்தால் இரண்டாம் வரிசை மருந்துகளின் (முதல் தேர்வாகக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டியவை) பயன்பாடு 67% குறைந்திருக்கும் என்று தெரிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் அந்த வரிசைதான்.

இங்கே எனக்கு வலிக்கும் இடம் ஒன்று உண்டு. "கடைசியா என்ன மாத்திரைம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "ஏதோ வெள்ளை மாத்திரைங்க, மெடிக்கல்ல குடுத்தாங்க" என்பார்கள். அட்டை குப்பைக்குப் போயிருக்கும். இஸ்ரேலில் கணிப்புக்கு உதவிய அதே தகவல்!

அதனால் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை மருந்து எழுதுமுன் டாக்டரிடம் காட்டுங்கள். முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சாம்பிளைக் கொடுத்துவிடுங்கள்; போட்ட பிறகு கொடுத்தால் தட்டில் எதுவும் வளராமல் போகலாம்.