குளத்துப் பச்சைத் தண்ணீரால் ஹார்மோன் கோளாறு வருமா?

"எங்கள் ஊர்க் குளம் கோடையில் பச்சையாகிவிடுகிறது. அந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு தைராய்டையும் மாதவிடாயையும் கெடுக்கும் என்கிறார்கள், உண்மையா? காய்ச்சிக் குடித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இதை முதலில் சொல்லக் காரணம், எங்கள் வீட்டிலும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ்தான், ஆனால் குடிதண்ணீர் கேரள வழக்கப்படி: சீரகமோ பதிமுகம் என்ற மரத்துண்டோ போட்டுக் கொதிக்கவைத்ததைத்தான் குடிப்போம். டைபாய்டு, காலரா போன்றவற்றுக்கு அது நல்ல காவல். ஆனால் இந்தப் பாசியின் முக்கிய நஞ்சான மைக்ரோசிஸ்டின் கொதிக்கவைத்தால் அழியாது. சூட்டில் பாசியின் செல் உடைந்து உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.

சில வருடங்களுக்கு முன் மாசிக் கடைசியில், கணவாய்க் காற்று அடங்கிய நேரம், எங்கள் குளத்தின் மேற்குக் கரையில் பச்சைப் பெயின்ட்டைக் கவிழ்த்தது போல ஏடு கட்டியிருந்தது. ஓரத்துக் கற்களில் காய்ந்த இடம் மட்டும் நீலம் பூத்திருந்தது. சித்தியின் கிடாரி அந்த ஓரத்தில்தான் தண்ணீர் குடித்தது. மறுநாள் எழவில்லை, அதற்கடுத்த நாள் செத்துப்போனது. வந்து பார்த்த மாட்டு டாக்டர் பாசியைச் சந்தேகப்பட்டார். பரிசோதனை எதுவும் செய்யவில்லை, அதனால் பாசிதான் கொன்றது என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். "அந்தத் தண்ணி நாறுதுன்னு அன்னைக்கே சொன்னனே சாமி" என்று அம்மிச்சி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

மைக்ரோசிஸ்டின் முதலில் தாக்குவது கல்லீரலை. அங்குள்ள செல்களுக்குள் புகுந்து, பாஸ்படேஸ் என்ற நொதிகளை முடக்கிவிடும். செல்லைத் தாங்கி நிற்கும் சட்டகம் குலைந்து, கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் கசியும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் இந்த நஞ்சு கலந்திருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். குறைந்த அளவில் நெடுநாள் உடம்பில் சேர்வதும் நல்லதல்ல: மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

சரி, ஹார்மோனுக்கு வருவோம். பயம் ஆதாரமில்லாதது அல்ல. ஆண் எலிகளுக்கு இந்த நஞ்சைக் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது, விந்தணுவின் தரம் கெட்டது. ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீன்களில் தைராய்டு ஹார்மோன் அளவுகள் மாறின. என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொன்று: மீன் குஞ்சுகளுக்குச் சுத்தமான நஞ்சை மட்டும் கொடுத்தபோது தெரியாத ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) விளைவு, பாசியையே தண்ணீரில் கலந்தபோது தெரிந்தது. அதாவது பாசிக்குள் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் வேறு பொருள்களும் இருக்கின்றன. ஆனால் இதெல்லாம் எலியிலும் மீனிலும், பெரும்பாலும் நம் குடிநீரில் இருப்பதைவிடக் கூடுதலான அளவில் பார்த்தது. குளத்துத் தண்ணீரால் பெண்களுக்குத் தைராய்டோ மாதவிடாய்க் கோளாறோ வருகிறது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆகவே உங்களுக்கு மாதவிடாய் தவறினால் குளத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்து, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட தயவுசெய்து யாரையும் விடாதீர்கள். எங்கள் ஊரிலும் அந்தப் பேச்சு வந்தது, நான் சண்டை போட்டுத் தடுத்தேன். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைப் பாசிக்கு அதைத்தான் போட்டார்கள். பாசி செத்தது, அதற்குள் இருந்த நஞ்சு தண்ணீரில் இறங்கியது. சில நாளில் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு 148 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

எல்லாப் பச்சையும் விஷமில்லை. குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட்டில் முக்கியது போலக் குச்சியில் அப்பியிருந்தால் கையைக் கூட நனைக்காதீர்கள், மாட்டையும் நாயையும் அந்தக் கரைக்கு விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிக்கும் அளவே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான். ஆர்ஓவும் கரி வடிகட்டியும் நஞ்சைப் பெருமளவு குறைக்கும், ஆனால் ஏடு கட்டிய தண்ணீரை அவற்றை நம்பியும் குடிக்க வேண்டாம். குளம் பச்சையாக இருக்கும் கோடை மாதங்களில் நாங்கள் சமையலுக்கும் குடிக்கவும் கரையிலிருந்து தள்ளியிருக்கும் கிணற்றில்தான் இறைக்கிறோம். குளத்து மீன் வந்தால் குடலையும் ஈரலையும் எடுத்துப் புதைத்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்போம்.