லண்டனில் ஒலிம்பிக் நடந்த இடங்களைப் பார்க்கப் போகிறீர்களா? திருகோணமலைக்காரரின் கேள்விகளுக்குப் பதில்கள்

பிள்ளைகளையும் உறவுகளையும் பார்க்க லண்டன் போகும் நம்மூர்க்காரர் பலர், அங்கே ஒலிம்பிக் நடந்த இடங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1908, 1948, 2012 என்று மூன்று முறை நடத்திய நகரம் அது. பார்க்க நிறைய இருக்கிறது.

உவர்மலையிலிருந்து ஓர் அம்மா: மகள் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறாள். ஜூலையில் போகிறோம். எனக்கு முழங்கால் நோ. அதிகம் நடக்காமல் எதைப் பார்க்கலாம்?

அம்மா, 2012 ஒலிம்பிக் பூங்கா உங்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஈஸ்ட்ஹாமில் ரயில் ஏறி, வெஸ்ட்ஹாமில் ஜூபிலி லைன் என்ற ரயில் பாதைக்கு மாறினால் அடுத்த தரிப்பு ஸ்ட்ராட்போர்ட். அங்கே லிப்ட் உண்டு. கடைத்தொகுதி வழியாக ஆறுதலாக நடந்து வெளியே வாருங்கள், பூங்காவுக்குள் போகக் காசு இல்லை.

வளைந்த கூரையோடு முதலில் தெரிவது நீச்சல் தடாகக் கட்டடம். கட்டடக்கலைஞர் சஹா ஹதீத் வடிவமைத்தது. போட்டி நடந்தபோது இரு பக்கமும் தற்காலிக இருக்கைகள் போட்டு 17,500 பேரை இருத்தினார்கள். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நீச்சலுடுப்பு எடுத்து வையுங்கள். ஒலிம்பிக் வீரர்கள் நீந்திய அதே தண்ணீர்ப்பாதையில் அவர்களும் நீந்தலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: ஒலிம்பிக் முடிந்த மைதானங்கள் பாழடைந்து கிடப்பதாகப் படங்கள் வருகின்றனவே, அங்கேயும் அப்படியா?

இல்லைத் தம்பி. ஏதென்ஸில் பல இடங்கள் அப்படிப் போனது உண்மைதான். லண்டனில் முன்கூட்டியே யோசித்துக் கட்டினார்கள். கூடைப்பந்து அரங்கு தற்காலிகமானது, கழற்றி எடுத்தாயிற்று. வீரர்கள் தங்கிய குடியிருப்பில் இப்போது குடும்பங்கள் வாழ்கின்றன. பெரிய மைதானம் 2016 முதல் வெஸ்ட்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் களம்.

அன்புவழிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: மக்கெய்சர் மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சட்டவேலி ஓட்டம் பழக்கியவன் நான். டங்கன் வைட் ஓடிய இடத்தில் நிற்க முடியுமா?

சேர், இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நிற்கலாம், ஆனால் அந்த ஓடுபாதை இல்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948இல்தான் முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனது. ஜூலை 31ஆம் தேதி, வெம்பிளியில், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் டங்கன் வைட் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தார். முதலிடம் அமெரிக்காவின் ரோய் கொக்ரனுக்கு. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாடு 2000ஆம் ஆண்டு வரை, ஓட்ட வீராங்கனை சுசந்திகா வரும்வரை காத்திருந்தது. நம் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வைட்டின் பெயர் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

யுத்தம் முடிந்து மூன்று வருடம்கூட ஆகாத, சாப்பாடு பங்கீட்டில் இருந்த காலம். புது மைதானம் எதுவும் கட்டவில்லை. 1923இல் திறந்த வெம்பிளிக்குள் சாம்பல்கட்டி கொட்டி ஓடுபாதை போட்டார்கள், போட்டி முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இரட்டைக் கோபுரத்தோடு நின்ற அந்த மைதானத்தையும் 2003இல் இடித்து, அதே இடத்தில் 2007இல் புதியதைத் திறந்தார்கள்.

வெம்பிளி பார்க் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் நேர் எதிரே ஒலிம்பிக் வே என்ற அகலமான நடைபாதை. அதன் முடிவில் 133 மீற்றர் உயர வெள்ளை வளைவு வானத்தை மறித்து நிற்கும். அந்தப் பாதையை 1948க்காகப் போட்டவர்கள் ஜெர்மன் போர்க்கைதிகள். மெல்ல நடந்து போங்கள் சேர். பக்கத்திலேயே எம்பயர் பூல் என்ற பழைய கட்டடம், 1934இல் கட்டியது. 1948 நீச்சல் போட்டிகள் அதற்குள் நடந்தன. இப்போது இசை நிகழ்ச்சி அரங்கு. அந்தச் சுவர்கள்தான் வைட் காலத்தின் சாட்சி. மைதானத்துக்குள் வழிகாட்டியோடு கூட்டிப் போவார்கள். போட்டி உள்ள நாளில் மட்டும் போகாதீர்கள், சனத்துக்குள் ஒன்றும் பார்க்க ஏலாது.

மூதூரிலிருந்து: ஸ்ட்ராட்போர்டில் முறுக்கிய சிவப்புக் கோபுரம் ஒன்று படத்தில் பார்த்தேன். அது என்ன?

ஆர்பிட். 114.5 மீற்றர் உயரம். சிற்பி அனிஷ் கபூரும் பொறியியலாளர் செசில் பால்மண்டும் சேர்ந்து உருவாக்கியது. பால்மண்ட் இலங்கையில் பிறந்தவர், கண்டி டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். டங்கன் வைட்டும் அதே கல்லூரி! உள்ளே சறுக்குவழியும் இருக்கிறது. சில காலம் மூடி வைப்பார்கள், போகுமுன் விசாரியுங்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் காசு தேவையில்லை.

நிலாவெளியிலிருந்து: 1908இல் நடந்த இடம்?

வைட் சிட்டி. மைதானத்தை 1985இல் இடித்துவிட்டார்கள். ஓட்டம் முடிந்த கோட்டின் இடத்தை மட்டும் தரையில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். மரதன் இன்று 42.195 கிலோமீற்றராக இருப்பதற்குக் காரணமே அந்த ஓட்டந்தான். வின்ட்சர் மாளிகையில் தொடங்கி அரச இருக்கைக்கு முன்னால் முடித்தார்கள். இத்தாலியின் டொராண்டோ பியத்ரி கடைசிச் சுற்றில் விழுந்து விழுந்து எழும்பினார். தூக்கி விட்டதற்காக அவரை நீக்கினார்கள். ஓட்டம் பிடித்தவர்கள் போங்கள், மற்றவர்களுக்கு அலுவலகக் கட்டடங்கள்தான் தெரியும்.

சாம்பல்தீவிலிருந்து: நம் தமிழர் யாராவது?

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் பாய்தலில் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளில் பங்குபற்றினார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம். ஹெல்சிங்கி மைதானம் கோபுரத்தோடு இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் விடாதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து: ஒரே நாளில் 1948உம் 2012உம் பார்த்து முடிக்கலாமா?

தாராளமாக. ஜூபிலி லைன் இரண்டையும் இணைக்கிறது, மாற வேண்டியதே இல்லை. முக்கால் மணி நேரம் அளவில் ஆகும். காலையில் வெம்பிளி, மத்தியானம் அங்கேயே வெம்பிளிப் பக்கம் ஈலிங் ரோட்டில் சாப்பாடு, அப்புறம் ஸ்ட்ராட்போர்ட். கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். குடை மட்டும் கையில் இருக்கட்டும்.