பதில்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தையே வரைகிறார்கள்

வணக்கம். மூன்றாம் வகுப்பில் ‘மழைநாள்’ வரையச் சொன்னால், நீங்கள் பலகையில் வரைந்த குடையையே எல்லோரும் வரைகிறார்கள் என்றும், சிறந்த படத்துக்குப் பரிசு அறிவிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பரிசை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மழலைப் பள்ளியில் நடத்திய ஆய்வில், விருப்பத்தோடு வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுள், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே அறிந்தவர்கள் பின்னர்த் தாமாக வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை.

சிக்கல் பலகையில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. மாதிரி கண்முன் இருக்கும்வரை அதுவே சரியான விடை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அடுத்த முறை பலகையை வெறுமையாக விட்டு, ‘மழை பெய்யும்போது எறும்பு எங்கே போகும்?’ என்பதுபோல் ஒரே விடை இல்லாத கேள்வியைக் கேட்டு, சற்று நேரம் பேசவிட்டு, அதன் பிறகு தாளைக் கொடுங்கள். ‘சரியா மிஸ்?’ என்று ஒரு பிள்ளை படத்தை நீட்டும்போது, ‘அழகு’ என்று முடித்துவிடாமல், ‘இந்தக் கறுப்புக் கோடு என்ன?’ என்று கேளுங்கள். பல நேரங்களில் அதிலிருந்து ஒரு கதையே விரியும்.

தொடக்கத்தில் சிலர் வெற்றுத்தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கக்கூடும். மனம் இளகி மீண்டும் பலகையில் வரைந்துவிடாமல், அந்தப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, கடைசியாக மழையில் நனைந்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள்.