வாகனப் பதில்கள்: கொயில் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

கேள்வி: 1980களில் வந்த ஜப்பான் பெற்றோல் கெப், நாலு சிலிண்டர், பொயின்ற் (கொயிலுக்குப் போகும் மின்னை விட்டுவிட்டு முறிக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ரிபியூட்டர். ஒரு வருடத்துக்குள் இது மூன்றாவது இக்னிஷன் கொயில் (பிளக்கில் தீப்பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் பாகம்). காலி வீதி நெரிசலில் சூடேறினால் நின்றுவிடும். ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். கொயில் மூடியோரம் எண்ணெய் கசிகிறது. எந்தக் கொயில் வாங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எண்ணெய் கசிந்தால் கொயில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியிருக்கிறது. புதிதாக ஒன்றைப் போட்டாலும் அதே கதிதான்.

முதலில், ஆறிய கொயிலின் இரண்டு மெல்லிய வயர்களையும் கழற்றிவிட்டு, பிளஸ், மைனஸ் முனைகளுக்கிடையே மல்ரிமீற்றரால் ஓம் பாருங்கள். மீற்றர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவைக் கழிக்க வேண்டும். ஏறக்குறைய 3 ஓம் என்றால் அது 12 வோல்ற்றை நேரடியாகத் தாங்கும். 1.5 ஓம் என்றால் அதற்கு முன்னால் பலாஸ்ற் ரெசிஸ்டர் (ஓட்டத்தைக் குறைக்கும் மின்தடை) கட்டாயம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரர் மாற்றிக் கொடுப்பதும் இதனால்தான்.

1.5 ஓம் கொயிலை ரெசிஸ்டர் இல்லாமல் பூட்டினால், 13.8 வோல்ற்றில் பொயின்ற் மூடியிருக்கும்போது 9 அம்பியருக்கு மேல் ஓடும். ஓட வேண்டியது அதில் பாதி. ஓட்டம் இரண்டு மடங்கானால் கொயிலுக்குள் சூடு நாலு மடங்கு.

வயர்களைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை நிறுத்தி, திறப்பை ஒன் செய்யுங்கள். கொயில் மைனஸை ஒரு துண்டு வயரால் எஞ்சின் இரும்பில் தொட்டுக்கொண்டு பிளஸ்ஸில் வோல்ற் பாருங்கள். சில விநாடி போதும். ரெசிஸ்டர் வேலை செய்தால் 6 வோல்ற் அளவில் நிற்கும். 1.5 ஓம் கொயிலில் பற்றரி வோல்ற் முழுதாக வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மைனஸைத் தொடாமல் அளந்தால், பொயின்ற் திறந்திருக்கும் நேரத்தில் நல்ல ரெசிஸ்டரிலும் 12தான் காட்டும். பலர் ஏமாறும் இடம் இது.

எரிந்த ரெசிஸ்டரை ஒரு வயரால் தாண்டிக் கட்டிவிடும் பழக்கம் நம் கராஜ்களில் உண்டு, அதைத் தேடுங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் முழு வோல்ற் கொடுக்கும் தனி வயர் ஒன்றும் இருக்கும். திறப்பை விட்ட பிறகும் அதில் மின் நின்றால் இக்னிஷன் சுவிற்ச்சோ ஸ்டார்ட்டருக்கு மின் விடும் சொலனோயிட்டோ பழுது.

இவை சரியென்றால் எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு பற்றரி வோல்ற்றை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி; 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பொயின்ற் இடைவெளி 0.45 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். அது குறைந்தால் பொயின்ற் கூடநேரம் மூடியிருந்து கொயிலைச் சுடும். பாடசாலை வாசலில் காத்திருக்கும்போது ரேடியோவுக்காகத் திறப்பை ஒன்னில் விடுவதும் அப்படித்தான், எஞ்சினுக்கு மின் போகாத ஏசிசி நிலையில் வையுங்கள்.

உயர் மின்னழுத்தப் பக்கம்: பிளக் இடைவெளி 0.8 மில்லிமீற்றர், தேய்ந்து 1.2 ஆனால் கொயில் அதிக வோல்ற் எழுப்ப வேண்டிவரும், உள்ளே காப்பு உடையும். பிளக் வயர் ஒவ்வொன்றும் 25 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். வயரைக் கழற்றி அந்தரத்தில் பிடித்து ஸ்பார்க் பார்க்கவே கூடாது. பழைய பிளக் ஒன்றைச் செருகி, அதன் உடலை எஞ்சின் இரும்பில் தொடவிட்டுப் பாருங்கள்.

உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது மீற்றரையும் கொண்டுபோங்கள். காசு கொடுக்க முன் ஓம் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடை.

கேள்வி: என்னுடையது சிலிண்டருக்கொரு கொயில் உள்ள கெப். எப்போதும் மூன்றாவதே போகிறது.
– வாசகர், வத்தளை

பதில்: அந்தப் பிளக் குழியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஒயில் தேங்கியிருந்தால் வால்வ் கவரிலுள்ள குழாய் சீல் போய்விட்டது. கொயிலின் ரப்பர் ஊறிப்போகும். சீலை மாற்றி, பிளக்கையும் மாற்றுங்கள். குழி காய்ந்திருந்தால் மூன்றாவது கொயிலை முதலாவதோடு மாற்றிப் பூட்டுங்கள். ஸ்கேனரில் பி0303 (மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற குறியீடு) போய் பி0301 (முதலாவதுக்கான குறியீடு) வந்தால் கொயில்தான். பி0303 அப்படியே நின்றால் பிளக், சொக்கட் வயர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள்.