மேய்ச்சல் பாலும் கொலஸ்ட்ராலும்

வணக்கம். எங்கள் பக்கத்தில் ஒருவர் 'சிஎல்ஏ நிறைந்த மேய்ச்சல் பால்' என்று லிட்டர் 100 ரூபாய்க்குத் தருகிறார். குடித்தால் கொலஸ்ட்ரால் குறையும் என்கிறார். என் கணவருக்கு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 150. தினமும் அரை லிட்டர் வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, காங்கேயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

சிஎல்ஏ என்பது பால் கொழுப்பில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம். மேய்ச்சல் பாலில் அது நிறைந்திருக்கும் என்று அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. பச்சைப் புல்லில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அதிகம். அதை மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் வாக்சினிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலமாக மாற்றும். மடி அதிலிருந்து சிஎல்ஏவை உண்டாக்கும். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மேய்ச்சலில் மட்டுமே இருந்த பசுக்களின் பாலில் ஒரு கிராம் கொழுப்புக்கு 22 மில்லிகிராம் சிஎல்ஏ இருந்தது. தீனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மேய்ச்சலாக இருந்தவற்றில் 9தான். கொறங்காட்டில் (நம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல் பச்சையாக இருக்கும் மாதங்களில் இது நடக்கும். சித்திரையில் சோளத்தட்டும் தவிடும் தின்கிற மாட்டுக்கு 'மேய்ச்சல் பால்' என்ற பெயர் பொருந்தாது. இப்போது மாடு என்ன தின்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உடம்புக்கு வரும்போது கணக்கு சுருங்கிவிடுகிறது. 4% கொழுப்புள்ள அரை லிட்டர் பாலில் கொழுப்பு 20 கிராம். மிக நல்ல மேய்ச்சல் பாலென்றாலும் அதில் சிஎல்ஏ 400 மில்லிகிராம் அளவுதான். அதே 20 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 13 கிராம். 2000 கலோரி உண்பவருக்கு ஒரு நாளைய வரம்பே 22 கிராம். எல்டிஎல்லை ஏற்றுவது இந்தக் கொழுப்புதான்.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு. 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில், இவ்வமிலங்கள் செறிந்த செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை 42 பேர் தினமும் 90 கிராம் வீதம் 3 வாரம் சாப்பிட்டார்கள். எல்டிஎல் 7% குறைந்தது. உங்கள் கணவரின் 150இல் அது 10 அளவு. ஆனால் 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சிஎல்ஏ செறிந்த பால்பொருட்களை 6 வாரம் உண்ட ஆரோக்கியமான ஆண்களுக்கு எல்டிஎல் குறையவில்லை. எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் (நல்ல கொலஸ்ட்ரால்) உள்ள விகிதம் சற்று கூடியது. அவர் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை எடுத்துவந்தால், இந்தப் பாலை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது குடிக்கும் பாலுக்குப் பதிலாக 200 மில்லி கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் கூடுதலாக வேண்டாம். காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், சிஎல்ஏ அதனால் அழியாது. பச்சைப் பாலில் புரூசெல்லா கிருமி இருக்கக்கூடும். ஆடையை எடுத்துவிட்டால் சிஎல்ஏவும் அதோடு போய்விடும், கூடுதல் விலை கொடுத்ததற்குப் பொருளே இல்லை. சிஎல்ஏ மாத்திரைகளை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பாதி, பாலில் இருப்பதிலிருந்து மாறுபட்ட வேறொரு வடிவ சிஎல்ஏ. அது இன்சுலின் வேலையைக் கெடுக்கலாம்.

ஒமேகா-3 தான் நோக்கமென்றால் ஆளி விதை மலிவு. பொடித்த 7 கிராமில் 1.6 கிராம் ஆல்பா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. அரை லிட்டர் மேய்ச்சல் பாலில் 0.2 கிராம்கூடத் தேறுவது அரிது. முழு விதையாகக் கொடுத்தால் செரிக்காமல் வெளியேறும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து, குளிர்பெட்டியில் வையுங்கள். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.