சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் எவ்வளவு தூரம்? தமிழ்நாட்டிலிருந்து வரும் வயதான அப்பா அம்மாவுடன் போக விமானம் நல்லதா, பஸ் நல்லதா?

வான்வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், சாலையில் ஏறக்குறைய 350. விமானம் பறப்பது முக்கால் மணி நேரத்துக்குச் சற்று கூடுதல்; காரில் தடையில்லாமல் போனால் நான்கு மணி நேரம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் வயதான பெற்றோரை அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்களை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

என் அக்கா கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்க்கைப்பட்டவர். சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து வருடத்துக்கு நான்கைந்து முறை போய்வருகிறேன். என் வீட்டு வாசலிலிருந்து அக்கா வீட்டு வாசல்வரை கணக்குப் பார்த்தால் விமானத்திலும் ஐந்து மணி நேரம் ஆகிறது. சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இறங்கும் விமான நிலையமோ சிப்பாங்கில், நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கிருந்து நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம்.

பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் என்பார்கள். அது எட்டாகுமா, பத்தாகுமா என்பதை நெடுஞ்சாலை முடிவு செய்வதில்லை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கும் இடையே, 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் இருக்கிறதே, அந்த ஒரு கிலோமீட்டர்தான் முடிவு செய்கிறது. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்காக, பள்ளி விடுமுறை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினேன். பாலத்தின் ஓரமாகப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் ஓடும். ஒரு குழாயின் ஒரே இணைப்பை ஜன்னல் வழியாக இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓர் அடி நகரவில்லை. எல்லையைத் தாண்டவே மூன்றரை மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது தாம்பூலத் தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு பஸ் என்றால் செவ்வாய் அல்லது புதன், விடியற்காலையில் மட்டும்தான். சிங்கப்பூரின் மேற்கே துவாஸில் 1998 முதல் மலேசியாவுக்கு இரண்டாம் இணைப்புப் பாலம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் பஸ் கிடைத்தால் எனக்கு அதுவே விருப்பம்.

பெற்றோருக்குச் சிரமம் தருவது உட்கார்ந்திருக்கும் நேரம் அல்ல, இறங்கி ஏறுவதுதான். சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் ஒருமுறை இறங்க வேண்டும். பெட்டிகள் பஸ்ஸிலேயே இருக்கலாம். மலேசியப் பக்கத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, மறுபுறம் போய் அதே பஸ்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே நிறத்தில் நாலைந்து பஸ்கள் நிற்கும். ஏறும்போதே எண் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; தாமதமானால் சில பஸ்கள் காத்திருக்காமல் போய்விடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விமானமேதான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இருவரும் நன்றாக நடப்பவர்கள் என்றால் வார நாளில் பஸ்ஸில் கூட்டிப் போங்கள். வழிநெடுக எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். என் அப்பா முதல்முறை வந்தபோது கண்ணை மூடவே இல்லை.

எதில் போனாலும் ஒன்றை இன்றே பாருங்கள். பெற்றோரின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் என்றிருந்தால், கோலாலம்பூர் போய்விட்டு அந்த விசாவில் இங்கே திரும்பி வர முடியாது.