முழங்காலுக்கு ஏற்ற வண்டி

கேள்வி: வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. மாதம் ஒருமுறை பாபநாசம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்குப் போய் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி வருவோம். வீடு இருப்பது குறுகலான சந்தில். மகன், எஸ்யூவி தோற்றத்தில் சற்று உயர்த்திய கிராஸ்ஓவர் கார்தான் வேண்டும் என்கிறான். ஜெர்மனியில் அக்கா வைத்திருக்கும், பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் கார் எனக்குப் பிடித்திருந்தது. அதுபோல் இங்கே கிடைக்காதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அக்கா வீட்டு வண்டி உங்களுக்குப் பிடித்ததில் எனக்கு வியப்பில்லை. டிக்கியின் விளிம்பு தாழ்ந்திருக்கும். மூட்டையைத் தலைக்குத் தூக்காமல் அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். இங்கும் அந்த வகை வந்தது. 1992இல் டாடா எஸ்டேட், பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004இல் டாடா இண்டிகோ மெரினா. என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மெரினா பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரருக்கு வண்டி மீது ஒரு குறையும் இல்லை, தெருக்காரர்கள் அதை 'அமரர் ஊர்தி' என்று அழைத்ததைத் தவிர! வண்டியை விற்றதற்கு அவர் சொன்ன காரணமும் அதுதான். 2006 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு வரி குறைந்ததும், பின்பக்கம் நீண்ட வண்டிக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று. இன்றும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது: நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் என்ஜின் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 40.

இனி உங்கள் மகனின் கிராஸ்ஓவர். உதாரணத்துக்கு மாருதி ஃப்ரான்க்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளம் மாருதியின் இன்றைய பலேனோ காருடையது. தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் இடைவெளி பலேனோவில் 170 மில்லிமீட்டர், ஃப்ரான்க்ஸில் 190. ஒரு விரல் கனம்தான் கூடுதல். டிக்கியோ 318 லிட்டரிலிருந்து 308 ஆகக் குறைந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட பலேனோ என்று நான் சொன்னால் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

வேகன் ஆரைப் பாருங்கள். பெயரில் மட்டும்தான் வேகன். நீளம் 3,655 மில்லிமீட்டர்; ஃப்ரான்க்ஸைவிட ஏறக்குறைய முக்கால் முழம் சிறியது. ஆனால் உயரம் 1,675, ஃப்ரான்க்ஸ் 1,550தான்! டிக்கி 341 லிட்டர். சந்தில் திருப்புவதும் எளிது.

முழங்கால் வலிக்காரருக்கு உயரமான வண்டி நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், ஆனால் கால் வைக்கும் தளம் தாழ்ந்திருக்க வேண்டும். தளமும் சேர்ந்து உயர்ந்தால் படியேறுவதுபோல் ஆகிவிடும். தளம் தாழ்வு, இருக்கை உயரம், கூரை அதைவிட உயரம் என்ற அமைப்பு வேகன் ஆரில் இருக்கிறது. அப்பா முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைக்கலாம்.

மகன் பக்கமும் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையில் பஸ் கடந்துபோகும்போது வேகன் ஆர் சற்று ஆடும். ஃப்ரான்க்ஸ் உறுதியாக நிற்கும். கிராமத்து வேகத்தடைகள் பெயின்ட் கூட அடிக்காத மண்மேடுகள் என்றால், நான்கு பேரும் மூட்டையும் ஏறிய வண்டியின் அடிவயிறு உரசும். அங்கே அந்த ஒரு விரல் கனமும் உதவும்.

இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேகன் ஆர், 1.2 லிட்டர் என்ஜின். ஒரு லிட்டர் என்ஜின் இந்தச் சுமைக்குத் திணறும். சிஎன்ஜி வேண்டாம், சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொண்டால் தேங்காயை எங்கே வைப்பீர்கள்?

டெஸ்ட் டிரைவுக்கு நீங்களும் மகனும் மட்டும் போகாதீர்கள். அப்பாவை அழைத்துப் போங்கள், ஓர் அரிசி மூட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷோரூம்காரர் சிரிக்கட்டும். அப்பா இறங்கும்போது மேலே உள்ள கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டு எழுந்தால் அந்த வண்டி வேண்டாம், அது நான் சொன்ன வண்டியாகவே இருந்தாலும். நிறத்தை மட்டும் மகனிடம் விட்டுவிடுங்கள்.